ரோலண்ட் ஹகலா ஜூனியருக்கு ஒரு திருத்தம்

இஷ்பெமிங், மிச்சிகன்
24 அக்டோபர் 2024, வியாழன்

அன்பு மகன் ரோலிக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் மாரிசெல்லும் அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகம் என்று ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசிவிட்டு அம்மா சொன்னாள், நான்கு நாளில் அதில் மாற்றம் இருக்காது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முதலில் உறுதியான செய்தி. இந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு, ஊரில் எல்லாருடைய கடன் விவரங்களையும் திரட்டி வைத்திருக்கிற நிறுவனத்திலிருந்து மரியன் ஸ்டௌட் என்கிற பெண்மணி போன் செய்தார். உன்னுடைய கோப்பும் என்னுடைய கோப்பும் இருபது வருடமாக ஒரே கோப்பாகக் கலந்து கிடக்கின்றன என்று உறுதி செய்தார். இரண்டாவதாக அவர் சொன்னது, கடந்த மாதம் நான் ஒரு கடையில் போய்ச் செய்த காரியத்தால் அந்தக் கோப்பு இப்போது பூட்டப்பட்டிருக்கிறது, பூட்டு திறக்கும்வரை எந்த வங்கியாலும் அதைப் பார்க்க முடியாது. நீயும் மாரிசெல்லும் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நாள் நவம்பர் இருபது என்று அம்மா சொல்கிறாள். அதற்கு முன் உன் வங்கி ஒருமுறை உன் கோப்பைத் திறந்து பார்க்கும். அப்போதும் பூட்டு இருந்தால் வீடு கைவிட்டுப் போகும். அதனால் இது என்னோடு நின்றுவிடுகிற தொல்லை இல்லை. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், நீ கையெழுத்துப் போட வேண்டிய படிவம் ஒன்று இத்துடன் இருக்கிறது. எழுத்தில்தான் சொல்ல வேண்டிய விஷயமும் ஒன்று இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நம் பழைய பனி வாரும் இயந்திரம் போன மார்ச்சிலேயே உயிரை விட்டுவிட்டது. புதிதாக ஒன்று வாங்கலாம் என்று செப்டம்பர் 28, சனிக்கிழமை, லண்ட்பெர்க் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடை அட்டை எடுத்துக்கொண்டால் பதினெட்டு மாதம் வட்டியில்லாமல் கட்டலாம் என்று ஜன்னலில் ஒட்டியிருந்தார்கள். கையில் பணம் இல்லாமல் இல்லை, ஆனால் குளிர்காலத்துக்கு வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் நிரப்ப வேண்டும், அம்மாவின் பல் வேலை இருக்கிறது, தவணையில் போகட்டுமே என்று நினைத்தேன். கல்லாவில் பானி பெல்மோர் இருந்தாள். அவளை எனக்கு 1979 முதல் தெரியும், அவள் கல்யாணச் செய்தியையும் அவள் அப்பாவின் மரணச் செய்தியையும் ஊர்ப் பத்திரிகையில் எழுதியவன் நான். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் தட்டிவிட்டு, நீங்கள்தான் நீங்கள் என்று உறுதி செய்ய நான்கு கேள்வி கேட்பார்கள், வேறு மாநிலத்தில் இருக்கிற ஏதோ ஒரு வங்கி கேட்கிறது, சும்மா ஒரு சடங்கு, என்று சொல்லித் திரையை என் பக்கம் திருப்பினாள்.

முதல் கேள்வி, கீழ்க்கண்ட தெருக்களில் எதில் நீங்கள் குடியிருந்தீர்கள். நான்கு தெருப் பெயர், ஐந்தாவதாக ‘எதுவும் இல்லை’ என்று ஒரு கட்டம். நான் கல்யாணம் ஆனதிலிருந்து இந்த ஒரே வீட்டில் இருக்கிறேன், நான்கு தெருவும் நான் கேள்விப்படாதவை, எதுவும் இல்லை என்று தொட்டேன். இரண்டாவது, 2017-ம் வருடம் உங்கள் பெயரில் பதிவான வண்டி எது. நான்கும் நான் ஓட்டாதவை, எதுவும் இல்லை. மூன்றாவது, கீழ்க்கண்டவர்களில் யார் உங்களோடு ஒரே முகவரியில் வசித்தவர். நான்கு பெயர், அவற்றில் ஒன்று எம். டும்லாவ். யாரும் இல்லை என்று தொட்டேன். நான்காவது எங்கள் வீட்டுக் கடன் எந்த வருடம் தொடங்கியது என்பது, அதற்கு 1983 என்று சரியாகச் சொன்னேன். உங்களை உறுதி செய்ய முடியவில்லை என்று திரை சொன்னது. பானி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். "ரோலண்ட், நீதான் நீன்னு எனக்குத் தெரியும், இந்தப் பொட்டிக்குத் தெரியலையே" என்றாள். இன்னொரு முறை முயற்சி செய்யலாம், ஆனால் இரண்டாவதும் தவறினால் பூட்டிவிடும் என்றாள். எனக்குப் பின்னால் நின்ற எர்னி சால்மிக்கு இதெல்லாம் வேடிக்கையாகப் போய்விட்டது. "எங்க அப்பா செத்தப்போ பேப்பர்ல அவர் வயசப் பத்து வருஷம் கூட்டிப் போட்டது இந்த ஆள்தான், வேணும்னா நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன்" என்றான். வரிசையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாவது முறை வந்த முதல் கேள்வியிலேயே விஷயம் முடிந்துவிட்டது. 2013-க்கும் 2016-க்கும் இடையில் நீங்கள் வசித்த நகரம் எது என்று கேட்டு, நான்கில் ஒன்றாக அலாஸ்காவின் ஆங்கரேஜ் என்று போட்டிருந்தது. பானி அதைப் பார்த்துவிட்டு, அங்கேதானே உன் பையன் இருக்கிறான் என்று கேட்டாள். பையன் இருக்கிறான், நான் அந்த ஊருக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை என்று சொன்னேன். சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, கடையில் எல்லாரும் அமைதியாக இருந்த நேரமாகப் போய்விட்டது. பிறகு வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. எதுவும் இல்லை என்று தொட்டேன், மீதிக் கேள்விகளுக்கும் உண்மையையே சொன்னேன், திரை சிவப்பாக மாறியது. எண்பது வயதுக்காரர்கள் இரண்டு பேரை இந்த மாதம் இப்படித்தான் திருப்பி அனுப்பினேன், அதில் ஒருவர் மேயராக இருந்தவர் என்று பானி ஆறுதல் சொன்னாள். கடைக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்த உன் அம்மா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "முப்பத்தேழு வருஷம் ஊர்ல ஒருத்தர விடாம கேள்வி கேட்ட. உன்ன நாலு கேள்வி கேட்டாங்க, ஃபெயில்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். வழியில் இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்டி வாங்கிச் சாப்பிட்டோம். அவள் பாதி வழி வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தக் கேள்விகள் என்னென்ன என்று அவள் அப்போது கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கும்.

மறுத்தால் காரணம் எழுதி அனுப்ப வேண்டும் என்பது சட்டம், அப்படி ஒரு கடிதம் வந்தது, உங்கள் கோப்பின் நகலைக் காசில்லாமல் கேட்டு வாங்கலாம் என்று அதில் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. கேட்டேன். அக்டோபர் எட்டாம் தேதி இருபத்துமூன்று பக்கம் வந்தது. சமையலறை மேசையில் வைத்துச் சிவப்புப் பென்சிலோடு படிக்க ஆரம்பித்தேன். முதல் ஐந்து பக்கம் நான். ஆறாவது பக்கத்திலிருந்து நீ. தவறு என்று வட்டம் போடத் தொடங்கியவன், மூன்றாவது வட்டத்தில்தான் பென்சிலைக் கீழே வைத்தேன். நான் கேள்விப்படாத அந்தத் தெரு 2013-ல் நீ குடியிருந்த தெரு. அந்த வண்டி உன்னுடைய பிக்கப். எம். டும்லாவ் என்பது மாரிசெல். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் தன் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதை நான் ஒரு கடன் நிறுவனத்தின் பதினாலாம் பக்கத்திலிருந்து தெரிந்துகொண்டேன். நாலு வருடமாக நம் வீட்டு மருமகள். அவளிடம் இதை நீ சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் உறைக்கு மேல் எழுதுகிறவள் எப்போதும் உன் அம்மா, உள்ளே கையெழுத்துப் போடுவது மட்டும் நான். அதனால் எனக்கு உன் முகவரி தெரியாது, உன் மனைவியின் பெயர் தெரியாது. இந்த உறையின் மேல் இருக்கிற முகவரியை அம்மாவைக் கேட்காமல் அந்தக் கோப்பைப் பார்த்து எழுதியிருக்கிறேன், அதில் பிழை இருந்தால் நிறுவனத்தின் பிழை. 2011 டிசம்பரில் ஒரு முகவரி முடிகிறது, அடுத்தது 2012 மார்ச்சில் தொடங்குகிறது. நடுவில் இரண்டு மாதம் உனக்கு முகவரியே இல்லை. அலாஸ்காவில், ஜனவரியிலும் பிப்ரவரியிலும். அம்மாவைக் கேட்டேன். வாடகைக்கு வீடு யாரும் கொடுக்காமல் நீ விமானக் கூடத்து மாடியில் படுத்துத் தூங்கினாய் என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேக்கலையே" என்றாள்.

பதினோராம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. 2011 செப்டம்பர் 7, கைக்கருவிகள் விற்கும் கடை, தவணைக் கடனுக்கு விண்ணப்பம், மறுக்கப்பட்டது, காரணம்: விண்ணப்பித்தவர் அவர்தான் என்று உறுதி செய்ய முடியவில்லை. காரணம் பாக்கி இல்லை, ரோலி. கட்டாத தவணை எதுவும் அந்த வருடம் வரை உன் பெயரில் இல்லை, இருபத்துமூன்று பக்கத்தையும் இரண்டு முறை பார்த்துவிட்டேன். நிலவறையில் என் பழைய குறிப்பேடுகள் பெட்டி பெட்டியாக இருப்பது உனக்குத் தெரியும். அந்த வாரத்துக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். செப்டம்பர் 9, வெள்ளி. காலையில் பள்ளிக்கூடக் கூரை ஒப்பந்தம் பற்றி இரண்டு பேரிடம் பேசியிருக்கிறேன், மாலையில் எதுவும் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் எனக்கு நினைவிருக்கிறது. நீ ஐந்தரைக்கு வந்தாய். இங்கே விமான நிலையத்தில் பழுதுபார்க்கும் கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது, ஆனால் மெக்கானிக் தன் கருவிப் பெட்டியோடு வர வேண்டும், கருவிக் கடையில் தவணைக்குக் கேட்டால் என்னென்னவோ கேள்வி கேட்கிறார்கள், 1983-ல் எடுத்த வீட்டுக் கடன் எவ்வளவு என்று கேட்கிறார்கள், அப்போது நான் பிறக்கவே இல்லை என்று சொன்னேன், பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள், நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிடுவேன் என்றாய்.

நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதுகிறேன், நீ மறந்திருக்க மாட்டாய், ஆனால் எனக்கு நினைவிருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். "கேள்விய ஒழுங்காப் படிச்சியா?" என்றேன். சின்ன வயதிலிருந்தே உனக்கு அவசரம் என்றேன். பிறகு, "எவனுக்கோ பாக்கி வச்சிருக்க, அதான் தர மாட்டேங்கிறாங்க. எங்கிட்ட மறைக்காத" என்றேன். நீ, "அதுல இருக்கிறது நான் இல்லப்பா, நீங்க" என்றாய். நான் சிரித்தேன். நீ சொன்னது அப்படியே, ஒரு எழுத்து மாறாமல், உண்மை. செவ்வாய்க்கிழமை மரியன் ஸ்டௌட் எனக்குப் பத்து நிமிடம் விளக்கிச் சொன்னதை நீ பதிமூன்று வருடத்துக்கு முன்னால் சமையலறைக் கதவருகே நின்று ஒரே வரியில் சொல்லிவிட்டாய். அடுத்த வாரம் சனிக்கிழமை, கம்பெனியே கருவி கொடுக்கிற வேலை அலாஸ்காவில் இருக்கிறது என்று கிளம்பிப் போனாய். ஊர் பிடிக்காமல் போனாய் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பானியிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டும் ஒப்பந்தம் யாருக்குப் போயிற்று என்று எழுதக்கூட நான் இரண்டு பேரைக் கேட்காமல் எழுதியதில்லை. அன்றைக்கு நான் அந்தக் கடைக்கு ஒரு போன் போட்டு, என் மகனிடம் என்ன கேட்டீர்கள் என்று கேட்டிருந்தால் போதும். போன் எனக்கு மூன்றடி தூரத்தில் சுவரில் மாட்டியிருந்தது. உன்னை நான் ஏன் விசாரிக்காமல் நம்பாமல் போனேன், முகம் தெரியாத ஒரு கடைக்காரனை ஏன் விசாரிக்காமல் நம்பினேன் என்று இந்த இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வருடம்தான் பத்திரிகையில் ஆளைக் குறைத்தார்கள், என் வேலை நிற்குமா போகுமா என்று இருந்தது, அந்தப் பயம் இருந்தது உண்மை. அதைக் காரணமாகச் சொல்லவில்லை, அப்போது நடந்துகொண்டிருந்த விஷயம் என்பதால் குறிப்பிடுகிறேன்.

மரியன் சொன்ன மூன்றாவது விஷயம் இன்னும் இருக்கிறது. இரண்டு கோப்பும் முதன்முதலாகச் சேர்ந்த நாள் 2004 ஜூன் 14. உனக்குப் பதினெட்டு வயது, பள்ளி முடித்த வாரம். உன் பெயரில் ஒரு துணிக்கடை அட்டைக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. அந்தக் கடை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது, ஆனால் அந்தக் காகிதத்தின் படம் அவர்களிடம் இருக்கிறது, எனக்கு அனுப்பினார். கையெழுத்து உன்னுடையது. மேலே நிரப்பியிருப்பது என் எழுத்து. ஜூனியர் என்று போட வேண்டிய கட்டத்தை நான் காலியாக விட்டிருக்கிறேன். பிறந்த தேதிக்கு நேராகப் பழக்க தோஷத்தில் என் பிறந்த தேதியை எழுதியிருக்கிறேன். நிரப்பிக் கொடுங்கள் என்று நீ கேட்டாயா, நானாகவே வாங்கி நிரப்பினேனா என்று நினைவில்லை, நானாகவே வாங்கியிருப்பேன் என்று அம்மா சொல்கிறாள், அப்படித்தான் இருக்கும். ஆக, நீ பிறந்த அன்றைக்கு என் பெயரையே உனக்கு வைத்தேன், பதினெட்டு வருடம் கழித்து உன் பெயரில் என்னையே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அம்மா ஒரு விஷயத்தை இப்போதுதான் சொன்னாள். நான் மேசையில் கோப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள். உன் பணப்பையில் ஒரு காகிதம் இருக்கிறதாம். எங்கள் வீட்டுக் கடன் எந்த வருடம், எவ்வளவு, எங்கள் முதல் கார் எது, அம்மாவின் பழைய கார் எந்த நிறம், என் முதல் தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம், எல்லாம் அதில் இருக்கிறதாம். வாடகை வீடோ, போனோ, மாரிசெல்லுக்குத் துவைக்கும் இயந்திரமோ, எது வாங்கப் போனாலும் திரை உன்னிடம் என்னைப் பற்றிக் கேட்கும், நீ காகிதத்தைப் பார்த்து நானாகப் பதில் சொல்லித்தான் நீ என்று நிரூபிப்பாயாம். தெரியாத கேள்வி வந்தால் அம்மாவுக்குப் போன் செய்வாயாம், அவள் என் காதில் விழாமல் துணி துவைக்கிற அறைக்குப் போய்ச் சொல்வாளாம். நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதியும் பலன் இல்லை, தகப்பனாரும் கையெழுத்துப் போட்டால்தான் பிரிக்க முடியும் என்று சொல்லிவிட்டார்களாம், நீ அந்தக் கையெழுத்தை என்னிடம் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாயாம். ஏன் என்னிடமிருந்து மறைத்தாய் என்று அம்மாவைக் கேட்டேன். "உன்கிட்ட ஒரு கையெழுத்துக் கேட்டு அவன் பட்டது ஒரு தடவை போதும்னான். நான் என்ன பண்ணட்டும், ரோலண்ட்?" என்றாள். என் வாழ்க்கை விவரத்தை நீ பதிமூன்று வருடம் மனப்பாடமாக வைத்திருந்தாய். முதல் முறை உன்னைப் பற்றி மூன்று கேள்வி என்னிடம் கேட்டார்கள், ஒன்றுக்கும் தெரியவில்லை.

பத்திரிகையில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தவறாக எதையாவது போட்டுவிட்டால் மறுநாள் இரண்டாம் பக்கத்தில் திருத்தம் போடுவோம். எது சரி என்பதை மட்டும் சொல்ல வேண்டும், ஏன் தவறினோம் என்று சமாதானம் சொல்லக் கூடாது, சுற்றி வளைக்கக் கூடாது. எர்னி அப்பாவின் வயதுக்குக்கூட அப்படிப் போட்டோம். எழுத்தில்தான் சொல்ல வேண்டும் என்று மேலே சொன்னது இதைத்தான்.

திருத்தம். 2011 செப்டம்பர் 9, வெள்ளிக்கிழமை, ரோலண்ட் ஹகலா ஜூனியர் தன் தகப்பனாரிடம் சொன்னது முழுவதும் உண்மை. அவர் யாருக்கும் எந்தப் பாக்கியும் வைத்திருக்கவில்லை. கேள்விகளைச் சரியாகப் படித்தார், சரியாகப் பதில் சொன்னார். கடைக்கும் அவருக்கும் இடையில் வந்த குழப்பம் அவருடைய தகப்பனார் நிரப்பிய படிவத்தால் வந்தது. தகப்பனார் விசாரிக்காமல் பேசினார். வழக்கமாக வருந்துகிறோம் என்று போடுவோம், இதில் பங்கு போட வேறு யாரும் இல்லாததால், வருந்துகிறேன்.

இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். நான் என் பங்குக்குப் பானியிடம் போய், ஊர் பிடிக்காமல் போனவன் இல்லை என் பையன், நான்தான் அனுப்பினேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது இந்நேரம் எர்னிக்கும் தெரிந்திருக்கும், ஆகவே ஊருக்கே தெரிந்திருக்கும்.

குழந்தைக்குப் பெயர் வைப்பது பற்றி ஆகஸ்டில் நான் போனில் ஏதோ சொன்னேன், மூன்றாவது ரோலண்ட் என்று. அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். 1986-ல் உனக்குப் பெயர் வைக்கும்போதே அம்மா வேண்டாம் என்றாள், "ஒரே வீட்ல ரெண்டு ரோலண்டா, கடுதாசி வந்தா யார் பிரிக்கறது, போன் வந்தா யாரக் கூப்பிடறது" என்று ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே கேட்டாள். கடைசியில் நடந்தது அதைவிடப் பெரிது. என் அப்பா பெயரை எனக்கு வைக்கவில்லை என்று எனக்கு ஒரு குறை இருந்தது, அதை உன் தலையில் இறக்கி வைத்தேன். பெண்ணோ பையனோ, மாரிசெல் குடும்பத்துப் பெயராக வையுங்கள், அல்லது இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இல்லாத பெயராக வையுங்கள். எந்தப் பெயர் என்றாலும் முதல் படிவத்தை நீயே நிரப்பு, பிறந்த தேதியை இரண்டு முறை பார்.

இப்போது செய்ய வேண்டியது. நீலநிறப் படிவத்தில் மூன்றாம் பக்கத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டும், நான் என் இடத்தில் போட்டுவிட்டேன். நோட்டரி ஒருவர் முன்னால் போட வேண்டும், வீட்டில் உட்கார்ந்து போட்டால் செல்லாது. ஜூனியர் என்பதை முழுதாக எழுது, சுருக்கி எழுதாதே. உன் ஓட்டுநர் உரிமத்தின் நகல், பிறப்புச் சான்றின் நகல் இரண்டையும் வை. பிறப்புச் சான்று இல்லாவிட்டால் கவலைப்படாதே, கவுன்டி அலுவலகத்தில் புதன்கிழமை ஒரு நகல் வாங்கி இதிலேயே வைத்திருக்கிறேன். தபால்தலை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது. இந்தக் கடிதம் திங்கட்கிழமை உன் கைக்கு வரும் என்று தபால் அலுவலகத்தில் சொல்கிறார்கள். நவம்பர் நாலுக்குள் நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது மரியன் சொன்னது. பூட்டு திறக்கும்வரை கோப்பைப் பார்க்க வேண்டாம் என்று உன் வங்கியிடம் சொல்லி வை, காரணம் கேட்டால் என் எண்ணைக் கொடு, நானே பேசுகிறேன், என்னால் வந்தது என்று சொல்கிறேன். உன் பணப்பையில் இருக்கிற அந்தக் காகிதத்தை மட்டும் இன்னும் கிழித்துப் போடாதே, பூட்டு திறந்தது என்று உறுதியான பிறகு கிழி.

இங்கே திங்கட்கிழமை நான்கு அங்குலம் பனி விழுந்தது. மண்வெட்டியால் வாரினேன், பாதியை நானும் பாதியை அம்மாவும். இதய மருத்துவர் திட்டுவார் என்று நீ சொல்வாய், மெதுவாகத்தான் செய்கிறேன், நடுநடுவே நிற்கிறேன். லண்ட்பெர்க் முதலாளி, இயந்திரத்தை எடுத்துப் போங்கள், பணத்தை எப்போது வேண்டுமானாலும் கொடுங்கள் என்று ஆள் அனுப்பினார். நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன், கோப்பு பிரிந்த பிறகு நான் நானாகப் போய் வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் பல் வேலை அடுத்த வாரம். நீராவிக் குளியல் எடுக்கிற சௌனா அறையின் அடுப்புக் குழாயை மாற்றினேன், இப்போது நன்றாகச் சூடு வருகிறது. மாரிசெல்லைக் குளிரில் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போக விடாதே, பனிக்கால டயர் மாற்றிவிட்டாயா என்று அம்மா கேட்கச் சொல்கிறாள். நீங்கள் மூன்று பேரும் நோயில்லாமல், கதகதப்பான சொந்த வீட்டில், நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வேண்டிக்கொள்கிறோம். கையெழுத்து, நோட்டரி, ஜூனியர், நவம்பர் நாலு, மறக்காதே.

இன்னும் முடிவு தெரியாதவை. நிறுவனம் எழுத்தில் பதில் தர வேண்டிய கடைசி நாள் நவம்பர் 14, வியாழன். மறுநாள் காலை பத்து மணிக்கு, பிரிந்ததா இல்லையா என்று போனில் சொல்வதாக மரியன் வாக்குக் கொடுத்திருக்கிறார். பிரிந்தால் உன் வங்கிக்கு ஐந்து நாள் இருக்கும், அது போதும் என்கிறார், எழுத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. நீ எனக்குப் பதில் எழுதுவாயா என்பது பற்றி என்னிடம் தகவல் எதுவும் இல்லை, அதற்கு நான் தேதி குறிக்கவும் இல்லை. நவம்பர் 15 மான் வேட்டை தொடங்கும் நாள். எர்னியும் மற்றவர்களும் முந்தின நாளே காட்டு முகாமுக்குப் போய்விடுவார்கள், அங்கே போன் எடுக்காது. நான் இந்த வருடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பத்து மணிக்கு வீட்டில் இருப்பேன், பத்தரைக்கு உன்னைக் கூப்பிடுவேன். உன் எண்ணை நானே எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா